முறிந்த பாய்மரம்: ஒட்டுவதா, மாற்றுவதா? வாசகர் கேள்வி - பதில்

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் சின்னப் பாய்ப்படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கும். அந்தச் சமயத்தில் வரும் கடிதங்களில் பாதி, ஒடிந்த அல்லது வளைந்த பாய்மரத்தைப் பற்றியவைதான். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் பக்கவாட்டு ஒயர் கழன்று, எங்கள் 14 அடிப் படகின் அலுமினியப் பாய்மரம் அடியிலிருந்து 9 அடி உயரத்தில் மடிந்துவிட்டது. வட்டக் குழாய், வெளிவிட்டம் 60 மி.மீ., சுவர் கனம் 2 மி.மீ., மொத்த நீளம் 20 அடி. பாய் கோக்கும் பள்ளம் தனிப் பட்டையாகப் பின்பக்கம் ரிவெட் அடித்திருக்கிறது. ஒட்டினால் தாங்குமா, புதுசுதான் வாங்க வேண்டுமா?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: தாங்கும். உள்ளே ஒரு குழாயைச் செருகி, பசையும் ரிவெட்டும் போட்டு இணைக்க வேண்டும். பட்டறையில் இதை 'ஸ்லீவ் போடுவது' என்பார்கள். உங்கள் மரம் ஒடிந்த இடமும் தோதான இடம். கீழே பூம் (பாயின் அடி ஓரத்தைப் பிடிக்கும் கிடைக்கட்டை) மாட்டும் கொக்கியும் மேலே ஒயர் மாட்டும் இடமும் தள்ளியே இருக்கின்றன. இவற்றை ஒட்டி ஒடிந்திருந்தால் புதுக் குழாய் வாங்கச் சொல்லியிருப்போம். ஸ்லீவின் முனை அந்தப் பொருத்தியின் ஆணித் துளைகளுக்கு நேராக வந்துவிட்டால், அடுத்த தடவை அங்கேயே ஒடியும்.

மரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒயர் ஏன் கழன்றது என்று பாருங்கள். ஒயர் அறுந்ததா, அல்லது அதன் முனையில் இருந்த பூட்டு ஆணி ('பின்') நழுவியதா? சின்னப் படகுகளில் பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பின்னைப் பூட்டும் வளையம்தான். கயிறு உரசி உரசி வளையம் திறந்துகொள்ளும். புதிதாகப் போடும்போது வளையத்தின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். மரத்தை ஒட்டிவிட்டு ஒயரைப் பழையபடி மாட்டினால் மறுபடி எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஒடிந்த வாயையும் கவனியுங்கள். குழாய் நசுங்கி மடிந்திருந்தால் அது ஒயர் போனதால் வந்த வினை. ஒரு துளையிலிருந்து கிளம்பிய விரிசலாக இருந்து, விரிசலின் ஒரு பகுதி மங்கிய சாம்பல் நிறத்திலும் மிச்சம் பளிச்சென்றும் தெரிந்தால், மங்கிய பகுதி பல மாதங்களுக்கு முன்பே வெடித்தது என்று பொருள். அப்படியானால் மற்ற துளைகளிலும் அதே கதை நடந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி வேலை. ஒடிந்த இடத்துக்கு இருபுறமும் வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் அளந்துகொண்டே போங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் வரும் இடத்தில்தான் நல்ல குழாய் தொடங்குகிறது. பொதுவாக மடிப்பிலிருந்து ஒரு விட்ட தூரம், அதாவது இருபுறமும் 60 மி.மீ. போகும். வெட்டுக்கோடு நேராக வர, ஒரு தாளைக் குழாயில் சுற்றி, தாளின் ஓரம் ஓரத்தோடு சேரும்படி இழுத்து, அதை ஒட்டிக் கோடு போடுங்கள். பாய்ப்பள்ளப் பட்டையின் ரிவெட்டுகளை அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, நெருக்கமான பல்லுள்ள ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, இரண்டு வாயையும் சேர்த்து வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியாத அளவுக்கு மட்டம் பண்ண வேண்டும். பாய்மரத்தை எப்போதும் கீழ்நோக்கி அழுத்துவது ஒயர்களின் இழுப்பு. அந்த அழுத்தத்தை வாயோடு வாய் தாங்க வேண்டும், ரிவெட்டுகள் அல்ல. இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

ஸ்லீவ் இணைப்புக்கு இருபுறமும் விட்டத்தைப் போல மூன்று மடங்கு போக வேண்டும்: 180 + 180, மொத்தம் 360 மி.மீ. உங்கள் குழாயின் உள்விட்டம் 56 மி.மீ. எனவே ஸ்லீவின் வெளிவிட்டம் 55.5 மி.மீ., சுவர் 3 மி.மீ. இருந்தால் சரி. அந்த அளவுக் குழாய் கடையில் கிடைக்காது. கொஞ்சம் பெரியதை வாங்கி லேத்தில் கடைந்துகொள்ளலாம். லேத் வேண்டாம் என்றால் இன்னொரு வழி: வெட்டி எடுத்த குழாயில் நல்ல துண்டு மிஞ்சினால், அல்லது அதே 60 மி.மீ. குழாய் கிடைத்தால், அதை நீளவாக்கில் பிளந்து 13 மி.மீ. அகலப் பட்டையை எடுத்துவிடுங்கள். சுற்றளவு அவ்வளவு குறைந்தால் விட்டம் 4 மி.மீ. குறையும். ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கிச் சுருக்கி உள்ளே தள்ளினால், அது விரியப் பார்த்துச் சுவரை நன்றாகக் கவ்விக்கொள்ளும். பிளவு முன்னாலோ பின்னாலோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். சுவர் 2 மி.மீ.தான் என்பதால் இது கடைந்த ஸ்லீவைவிடப் பலம் குறைவு. ஆற்றில் ஓட்ட இது போதும், கடலில் ஓட்டக் கடைந்ததே நல்லது.

ஸ்லீவின் இரு முனைகளையும் நேராக வெட்டி விடாதீர்கள். 35 மி.மீ. ஆழத்துக்குப் பல் பல்லாக, கோயில் தோரணத்தின் கீழ் ஓரம் போல வெட்டுங்கள். நேர் முனை என்றால் கெட்டியான பகுதி சட்டென்று முடிந்து மெல்லிய குழாய் தொடங்கும். காற்றில் மரம் வளையும்போது முழு வளைவும் அந்த ஒரே கோட்டில் விழும். ஸ்லீவ் போட்ட மரம் இரண்டாம் தடவை ஒடிந்து வந்தால், பெரும்பாலும் ஸ்லீவின் முனையில்தான் ஒடிந்திருக்கும்.

பசைக்கு எப்பாக்ஸி வேண்டும். கடலூர், புதுச்சேரி ஃபைபர் படகு பட்டறைகளில் ரெசின் என்று தருவது பாலியெஸ்டர். ஃபைபர் மேல் ஃபைபர் போட அது சரி. அலுமினியத்தின் மேல் அது நிற்காது. காயும்போது சுருங்கி, கொஞ்ச நாளில் தகடாக உரியும். வன்கடையில் கிடைக்கும் அரால்டைட் ஸ்டாண்டர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் இறுகுவது வேண்டாம். குழாயின் உள்பக்கத்தையும் ஸ்லீவையும் அசிட்டோனால் துடைத்து, 80 நம்பர் எமரி போட்டுச் சொரசொரப்பாக்கி, மறுபடி துடையுங்கள். தேய்த்த அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் வந்துவிடும் என்பதால், கலந்த பசையைக் கொஞ்சம் தடவி, அந்த ஈரத்தோடேயே இன்னொரு முறை எமரி போட்டுத் தேய்த்துவிட்டு மிச்சப் பசையைப் பூசுங்கள். வேலையை விடிகாலையில், நிழலில் செய்யுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பசை கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மத்தியான வெயிலில் கிடந்த குழாய்க்குள் ஸ்லீவ் பாதி போனதும் சிக்கிக்கொண்டால், அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரிவெட் துளைகளைப் பசை போடுவதற்கு முன்பே, காய்ந்த நிலையில் பொருத்திப் பார்த்துத் துளைத்துவிடுங்கள். 4.8 மி.மீ. பாப் ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. டிரில் பிட். இணைப்பிலிருந்து 20, 60, 100, 135 மி.மீ. தூரத்தில் நான்கு வரிசை. வரிசைக்கு எதிரெதிரே இரண்டு. ஒவ்வொரு வரிசையையும் 45 டிகிரி திருப்பிப் போடுங்கள். ஒரே வளையத்தில் நாலைந்து துளை போட்டால் அது கிழிப்பதற்குக் குத்திவைத்த ரசீதுத் தாள்தான். இருபுறமும் சேர்த்து 16 ரிவெட். மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் சிறந்தது. கிடைக்காவிட்டால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு); அதை அடிக்கச் சின்ன கை ரிவெட் கன் போதாது, நீண்ட கைப்பிடி உள்ளது வேண்டும். கடைந்த ஸ்லீவ் என்றால் இரண்டு சுவரும் சேர்ந்த கனம் 5 மி.மீ. என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் கிரிப் அளவில் 5 அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண அலுமினிய ரிவெட்டின் நடு ஆணி இரும்பு. அது துருப்பிடித்து மரம் முழுக்கப் பழுப்புக் கோடு வழியும். துருவாவது கண்ணுக்குத் தெரியும். அலுமினிய ரிவெட்டின் பலக்குறைவு ஒடியும்வரை தெரியாது.

இரண்டு துண்டும் திருகிக்கொள்ளாமல் சேர வேண்டும். பாய்ப்பள்ளப் பட்டைக்குள் இணைப்பைத் தாண்டி ஒரு அடி நீள மரக்குச்சியைச் செருகிவைத்து ரிவெட் அடியுங்கள். பள்ளம் தானாக நேர்கோட்டில் நிற்கும். பாய் ஏற்றும் கயிறு மரத்துக்குள்ளே ஓடுகிறதா? அப்படியானால் ரிவெட்டின் உள்முனைகள் அதை அறுக்கும். ஒயரிங் வேலைக்கு வாங்கும் 20 மி.மீ. பி.வி.சி. பைப்பை ஸ்லீவ் பகுதிக்குள் விட்டு அதன் வழியே கயிற்றைக் கோத்துவிடுங்கள்.

முழுதாக ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். பலத்த காற்றில் போக ஒரு வாரம் பொறுங்கள். வெட்டியதால் மரம் 12 செ.மீ. போலக் குட்டையாகும். ஒயர் முனைச் சரிபடுத்தியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லை என்றால் நடுவில் 12 செ.மீ. குழாய்த் துண்டை வைத்து, ஸ்லீவை 480 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். கடைந்த 360 மி.மீ. ஸ்லீவின் எடை அரைக் கிலோதான். 9 அடி உயரத்தில் அது படகுக்குத் தெரியாது.

கேள்வி: இவ்வளவு எதற்கு, ஆர்கான் வெல்டிங் வைத்தால் அரை மணியில் முடிந்துவிடுமே?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: முடிந்துவிடும். பிறகு மரமும் முடிந்துவிடும்.

பாய்மரக் குழாய்கள் 6061, 6063, 6082 போன்ற கலவைகளில், டி6 என்ற பதத்தில் வருகின்றன. டி6 என்பது ஆலையில் குறிப்பிட்ட வெப்பத்தில் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஏற்றிய பலம். 6061-டி6 குழாய் நிரந்தரமாக வளையத் தொடங்குவது சுமார் 275 மெகாபாஸ்கலில். வெல்டிங் சூடு பட்டதும் இணைப்பின் இருபுறமும் ஒவ்வொரு அங்குலத்துக்கு இந்தப் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. பற்று அழகாக இருக்கும், பக்கத்துக் குழாய் களிமண்ணாக இருக்கும். மறுபடி ஆலைச் சூடு கொடுத்தால் பலம் திரும்பும். 20 அடி மரத்துக்கு அப்படி அடுப்பு வைத்திருப்பவர் யார்? அடிப்பாகத்தில் ஒரு தகடு வைப்பது, உச்சியில் மூடி வைப்பது மாதிரி சுமை குறைந்த இடத்துக்கு ஆர்கான் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் கொட்டகை சரிந்து எங்கள் பாய்மரத்தின் மேல் விழுந்தது. ஒடியவில்லை, நடுவில் வளைந்திருக்கிறது. பட்டறைக்காரர் கேஸ் வைத்துச் சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தாழங்குடா

பதில்: சூடு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மேலே வெல்டிங்குக்குச் சொன்ன அதே காரணம். சிலர் குழாயில் சோப்பு தேய்த்து, அது கறுக்கும்வரை சூடு காட்டுவார்கள். அலுமினியத்தை இளக்க அது நல்ல வழிதான். பாய்மரத்தை இளக்கக் கூடாது என்பதுதான் சங்கதி. இளகிய மரம் பட்டறையில் அழகாக நிமிரும், முதல் நல்ல காற்றில் பழைய இடத்திலேயே மடியும்.

குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம், வளைவு சீராக இருந்தால். மரத்தின் இரு முனைக்கும் நூலை இழுத்துக் கட்டி, இடைவெளியை அரை மீட்டருக்கு ஒன்றாக அளந்து எழுதுங்கள். அளவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் வேலைக்கு ஆகும். ஒரே இடத்தில் சட்டென்று முறித்துக்கொண்டு ஏறினாலோ, அங்கே கையால் தடவும்போது சிறு பள்ளமோ புடைப்போ தட்டுப்பட்டாலோ அது மடிப்பு; அந்தப் பகுதியை வெட்டி ஸ்லீவ் போடுங்கள்.

நிமிர்த்த, சாக்கு சுற்றிய இரண்டு மரக்கட்டைகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்து, வளைவின் மேடு மேலே இருக்கும்படி படுக்கவைத்து, குழாயின் வட்டத்துக்கு ஏற்பக் குடைந்த கட்டை வழியாக இருவர் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். மரம் நேர்கோட்டைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பி வரும். நூல் வைத்துப் பாருங்கள். கட்டைகளைக் கையளவு நகர்த்தி அடுத்த இடம். ஒரே இடத்தில் முழுவதையும் எடுக்கப் பார்த்தால் குழாய் முட்டை வடிவமாகிவிடும். நேரானபின் அதே இடத்தில் மறுபடி வளைந்தால் இன்னொரு தடவை முயலாதீர்கள்.

கேள்வி: முழு மரமும் புதிதாகச் செய்ய நினைக்கிறேன். கடலூரில் அலுமினியக் கடையில் ஜன்னலுக்கு விற்கும் குழாயை வாங்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: ஜன்னல், தடுப்புச் சுவருக்கு விற்பது 6063, சுவர் கனம் ஒரு மி.மீ.யை ஒட்டி இருக்கும். அது பாய்மரத்துக்கு ஆகாது. கேட்க வேண்டியது 6061-டி6 அல்லது 6082-டி6, 2 மி.மீ.க்குக் குறையாத சுவர். புதுச்சேரி, கடலூர் சில்லறைக் கடையில் இருப்பு இருக்காது. சென்னை மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். ஆலைச் சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள். கண்ணால் பார்த்து 6061-ஐயும் 6063-ஐயும் பிரிக்க முடியாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'பலமான கலவை போட்டால் மரம் வளையாது' என்பது தவறு. எல்லா அலுமினியக் கலவையும் ஒரே காற்றில் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். பலமான கலவை காற்று விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். பலம் குறைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். வளைவைக் குறைக்க வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டுங்கள். சுவர் கனம் அதேதான், விட்டம் மட்டும் 60-லிருந்து 66 மி.மீ. என்றால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும், எடை பத்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் பாய் பழைய மரத்தின் வளைவுக்கு ஏற்பத் தைத்தது. விறைப்பான மரத்தில் அதன் வயிறு பெரிதாகி, பலத்த காற்றில் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். பழைய அளவிலேயே நிற்பது நல்லது.

குழாய் பெரும்பாலும் 12 அடி நீளத்தில்தான் வரும். 20 அடி மரம் என்றால் 12 + 8, நடுவே முதல் பதிலில் சொன்ன ஸ்லீவ். ஆகவே புது மரத்திலும் ஒட்டு இருக்கும். பூம் பொருத்தியும் ஒயர் பொருத்தியும் ஒட்டிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி இருக்கும்படி எந்தத் துண்டு கீழே, எந்தத் துண்டு மேலே என்று முடிவு பண்ணுங்கள்.

கேள்வி: மரத்தின் அடியில் எஸ்.எஸ். ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஸ்குரூவும் கழல மறுக்கிறது.
– வாசகர், தேங்காய்த்திட்டு

பதில்: உப்புத் தண்ணீர் நடுவில் நிற்க, அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன பேட்டரிதான். அதில் கரைவது அலுமினியம். பொடி அதன் சாம்பல். பொடி மரையில் இறுகி ஸ்குரூவைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்குரூ தலையில் சூடான சால்டரிங் அயனை ஐந்து நிமிடம் வைத்து, ஆறியதும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, இம்பாக்ட் ஸ்குரூடிரைவரால் சுத்தியல் தட்டுத் தட்டித் திருப்புங்கள். கேஸ் தீ காட்டாதீர்கள். தலை வழுக்கிப்போனால் துளைத்து எடுங்கள்.

கழன்றபின் பொடியைச் சுரண்டிவிட்டுக் குழாயில் எவ்வளவு கனம் மிச்சம் என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் அடிப்பாகத்தை அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, பொருத்தியைப் புது இடத்தில் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு ஸ்குரூவிலும் துத்தநாக குரோமேட் பசை அல்லது லனோலின் கிரீஸ் தடவுங்கள். பொருத்தியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள். மரத்தின் அடியில் தண்ணீர் வடிய 8 மி.மீ. துளை இருக்கிறதா? அதை மண் அடைத்துக்கொண்டிருக்கும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரை மேல்முனையிலிருந்து ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: லேசர் வகைச் சிறு பாய்ப்படகில் இரண்டு துண்டுப் பாய்மரத்தின் மேல் துண்டு, கீழ் துண்டுக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே விரிசல் விட்டிருக்கிறது. ஏன் எப்போதும் அங்கேயே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: 2019-லிருந்து ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் போட்டிகளுக்குப் போகும் அதே படகு. இதில் ஒயரே இல்லை. மரம் தானாக நிற்க வேண்டும். மேல் துண்டின் பிளாஸ்டிக் காலரை (வளையத்தை) பிடிக்கும் ரிவெட்டின் துளை சரியாக, வளைவு அதிகம் விழும் இடத்தில் வருகிறது. பாயை இறுக்கும்போது உச்சி பின்னால் போகும்; அப்போது மரத்தின் முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அழுத்தப்படும். விரிசல் பிறப்பது இழுபடும் பக்கத்தில். எனவே மேல் துண்டைச் செருகும்போது ரிவெட் பின்னால் பார்க்கும்படி வையுங்கள். விரிசல் விட்ட துண்டை இனி ஏற்றாதீர்கள். வெறும் வளைவு மட்டும் என்றால், காலரையும் மூடியையும் கழற்றித் துண்டைத் தலைகீழாக்கிப் பொருத்துவது பலர் செய்வது. பழைய துளைகளை அடைத்துவிட வேண்டும். போட்டிக்குப் போகிறவர் எதற்கும் முன்னால் அந்தப் படகு வகைக்கான விதிப்புத்தகத்தைப் பார்க்கட்டும். நிரந்தர வளைவுள்ள மரம் போட்டியில் கூடாது. கலப்பு ஃபைபர் மேல் துண்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். விலைதான் கொஞ்சம் உறைக்கும்.

கேள்வி: பழைய மரப்படகு. பாய்மரமும் மரம்தான், 65 மி.மீ. சதுரம். அடியில் ஒன்றரை அடி இற்றுவிட்டது. தச்சர் 'எல்' வெட்டு போட்டு ஆணி அடித்துவிடலாம் என்கிறார்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 'எல்' வெட்டு வீட்டு உத்திரத்துக்கு. அது சுவரில் உட்கார்ந்திருக்கிறது; இது இரண்டு பக்கமும் ஆடும். உள் மூலையிலிருந்தே பிளந்துகொண்டு போகும். சாய்வு ஒட்டுதான் வேண்டும்: கனம் ஒரு பங்கு என்றால் சாய்வின் நீளம் 12 பங்கு. 65 × 12 = 780 மி.மீ. தச்சர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவ்வளவு நீளத்தில்தான் பசை பிடிக்கும் பரப்பு மரத்தின் சொந்தப் பலத்துக்கு ஈடாகிறது. படகின் பலகைக்கு 8 பங்கு போதும், பாய்மரத்துக்குக் குறைக்காதீர்கள்.

புதுத் துண்டு பழையதன் எடைக்கும் ரேகைக்கும் நெருக்கமாக இருக்கட்டும். பழையது பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது பைன் வகை. முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் பைன் தேடுங்கள். தேக்கு கனம், எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்தாக வேண்டும். கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை என்று அதை எடுக்காதீர்கள். மிகக் கனம், காயக் காய வெடிக்கும்.

பசை எப்பாக்ஸி. வெள்ளைப் பசை தொடர் இழுப்பில் மெல்ல மெல்ல நழுவும். முதலில் இரண்டு முகத்திலும் நீர்த்த எப்பாக்ஸியைத் தடவி மரம் குடிக்கும்வரை விட்டு, பிறகு மைக்கா தூளோ மெல்லிய மரத்தூளோ கலந்த கெட்டிப் பசை பூசிச் சேருங்கள். சாய்வு முகங்கள் அழுத்தும்போது வழுக்கிப் போகும். இரு முனையிலும் ஒரு சின்ன ஆணியை வைத்து நகராமல் பிடியுங்கள். ஜி கிளாம்பை ஓங்கி முறுக்கினால் பசையெல்லாம் வெளியே வழிந்து ஒட்டு வறண்டுவிடும். சைக்கிள் டியூபை அங்குல அகலத்துக்குக் கீறி, பாலித்தீன் தாள் சுற்றிய ஒட்டின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். எப்பாக்ஸிக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான்.

அடி ஏன் இற்றது? படகில் மரம் உட்காரும் குழியில் மழைத் தண்ணீர் நின்றிருக்கும். குழிக்கு வடிகால் வைத்தபிறகு மரத்தை நடுங்கள். அறுத்த அடிமுகத்துக்கு மூன்று கோட் எப்பாக்ஸி.

கேள்வி: ஃபைபர் படகில் எஞ்சின் நின்றுபோனால் கரை சேர ஒரு மூங்கில் பாய்மரம் வைத்திருக்கிறோம். அடியில் நெடுக்காகப் பிளந்துவிட்டது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா அண்ணே?
– சோனாங்குப்பத்திலிருந்து

பதில்: எம்-சீலை ஓட்டைக் குடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பிளந்த மூங்கிலுக்குச் செலவழிப்பதைவிடப் புது மூங்கில் மலிவு. கல்மூங்கில் பாருங்கள்: உள்துளை சின்னது, சுவர் கெட்டி. பச்சையாக வாங்கினால் நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் படகில் ஏறும் முன்பே பிளக்கும்.

பிளவு எங்கே தொடங்கியது என்று பாருங்கள், நிச்சயம் போல்ட் துளையில்தான். மூங்கிலில் துளை போடாமல் கயிற்றாலேயே எல்லாவற்றையும் கட்டுவதுதான் சரி. பழைய கட்டுமரக்காரர் செய்ததும் அதுதான். போட்டே ஆகவேண்டும் என்றால் கணுவுக்கு ஒட்டினாற்போல் மேலே போட்டு, துளைக்கு இருபுறமும் 3 மி.மீ. நைலான் கயிற்றை ஒரு சாண் அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள். அடிக்கணு படகின் குழிக்குள்ளேயே முழுதாக அடங்க வேண்டும். கணுவுக்குக் கீழே வெறும் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் குழியின் விளிம்பு அதை நசுக்கும்.

கேள்வி: சுண்ணாம்பாற்றங்கரைக்கு டிராலியில் படகைக் கொண்டுபோகும்போது பாய்மரத்தை நிமிர்த்தியே தள்ளிப் போகலாமா? நேரம் மிச்சம்.
– வாசகர், நோணாங்குப்பம்

பதில்: தண்ணீரோரம் போனபிறகு நிமிர்த்துங்கள். வழியில் குறுக்கே ஓடும் மின்கம்பி 20 அடி அலுமினியத்தை விட்டுவைக்காது. டிராலியைப் பிடித்திருப்பவர் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பார். அமெரிக்காவில் ஹோபி 16 என்ற இரட்டை உடல் பாய்ப்படகின் பாய்மர உச்சித் துண்டை மின்சாரம் கடத்தாத ஃபைபர் வகைக்கு மாற்றியதே இந்த விபத்துகளால்தான். நிமிர்த்தும் இடத்தில் தலைக்கு மேலே பாருங்கள். மரத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் கம்பி தெரிந்தால் இடம் மாறுங்கள். புதிதாக ஒட்டிய மரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கும் கரையே நல்லது: பாய் இல்லாமல் நட்டு, ஒயர்களை இறுக்கி, பாய் ஏற்றும் கயிற்றைப் பூட்டி அதன் முனையில் ஒருவர் தொங்கி, இன்னொருவர் ஒட்டில் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று ஓசை வந்தால் ரிவெட் துளையில் ஆடுகிறது. இறக்கி, அந்த ரிவெட்டை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு, 6.4 மி.மீ. ரிவெட்டுக்குத் துளையைப் பெரிதாக்கி மறுபடி அடியுங்கள்.